முதல் கூடை ஹெலன் தலையில்

என் கோபங்களையெல்லாம் சிரித்தே சமாளித்த என் அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம். ஆலயத்திலிருந்து வந்த கையோடு, சட்டையைக்கூட மாற்றாமல் இதை எழுதுகிறேன். உனக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

இன்று அறுப்பின் பண்டிகை. ஐப்பசி மழை விட்டிருந்த காலை. விளைந்ததில் முதல் பங்கை நன்றியாக ஆண்டவர் பீடத்தில் வைக்கிற நாள். பெண்கள் கூடைகளோடு பெரிய வாசல் வழியாக வரிசையாக உள்ளே வருவார்கள். முதல் கூடை சுமக்கிறவள் கழுத்தில் தாலி இருக்க வேண்டும், கைம்பெண்கள் பக்கவாசலோடு நின்றுவிட வேண்டும் என்பது எந்த வேதத்திலும் இல்லாத நம் சபை வழக்கம்.

மச்சான் இறந்த வருஷம், நம் காட்டில் நீ ஒற்றையாளாக உழுது விளைவித்த, வெளியூர்க்காரர் பரங்கி என்கிற அரசாணிக்காய்களோடு போய் நின்றாய். பொருளாளர் உன் வழியை மறித்தார். "நீங்க பக்கவாசல்ல வெச்சுட்டுப் போயிருங்க அம்மணி. மனசுல வெச்சுக்காதீங்க." அவமானத்தைக்கூட 'ங்க' போட்டுச் செய்கிற ஊர் நம் ஊர். நீ மனசில் வைத்துக்கொள்ளவில்லை. நான் வைத்துக்கொண்டேன். சாகும்வரை நீ அந்தப் பக்கவாசலில் கூடையை இறக்கினாய். இறக்கிவிட்டு உள்ளே போய்ப் பாடவும் செய்தாய். எப்படி முடிந்தது உன்னால்? நான் அன்றைக்கு வெளியே வந்தவன், திரும்ப அந்தப் படி ஏறவில்லை.

இந்த வருஷம் வந்த புது ஆயர், முதல் கூடைக்கு ஆளைப் பெண்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றுவிட்டார். அவர்கள் சொன்ன பெயர் உன் மகள் மெர்சி. போனில் என்னை மிரட்டினாள். "மாமா, நீங்க வரலீன்னா நா கூடையவே தொட மாட்டன், பாத்துக்கோங்க." மிரட்டுவதில் உன்னையே உரித்து வைத்திருக்கிறாள். போனேன். படி ஏறாமல், வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். யாரை மறித்தாரோ அவள் மகள் முன்னால் போவதை அந்த மனிதர் பார்க்க வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும். எனக்கு அது போதும்.

அப்போதுதான் பக்கவாசலில் ஹெலனைக் கண்டேன். பொருளாளரின் மகள். கோடையில் அவிநாசி ரோட்டு விபத்தில் அவள் புருஷன் போய்விட்டான். வாழைத்தாரை அணைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றாள். சொல்கிறேன், கோபிக்காதே: எனக்கு இனித்தது. அவர் பிடித்து நின்ற சட்டம் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது என்று இனித்தது.

மெர்சியும் அவளைப் பார்த்துவிட்டாள். வரிசையை நிறுத்தினாள். நேரே பக்கவாசலுக்குப் போய், தன் தலையிலிருந்த முதல் கூடையை இறக்கி ஹெலன் தலையில் வைத்தாள். உள்ளே பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

பொருளாளர் ஓடி வந்தார். "வேண்டாங்கம்மணி... சனம் ஒரு மாதிரி பேசும்."

"பேசட்டுங்க. எங்கம்மாவப் பேசாததா?" என்றாள் மெர்சி. "ஏனுங்கய்யா, ஆண்டவரு மழ குடுக்கறப்ப, காட்டுக்காரிக்குத் தாலி இருக்குதான்னு பாத்துட்டா குடுத்தாரு?"

ஹெலன் வாழைத்தாரைக் கீழே வைத்துவிட்டு, கூடையை இரண்டு கையாலும் பிடித்தாள். "பயமா இருக்குதுக்கா."

"கூடதான கனக்குது? நா ஒரு பக்கம் புடிச்சுக்கறேன், வா."

இரண்டு பேரும் ஒட்டி நடந்தார்கள். பெரிய வாசலில் ஒரு கதவுதான் திறந்திருந்தது. இரண்டு பேரும் கூடையும் அதற்குள் நுழைய முடியாது. எல்லோரும் பொருளாளரைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குனிந்து, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தட்டித் தட்டித் தன் கையாலேயே நீக்கினார். இரண்டாவது கதவும் திறந்தது.

உன் மகளும் அவர் மகளுமாக உள்ளே போனார்கள், அக்கா. நம் காட்டு அரசாணிக்காய் முதலில் பீடம் ஏறியது. "ஸ்தோத்திரம்!" என்று ஒரு குரல் கூரை அதிரக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது என் குரல் என்று. எப்போது படி ஏறினேன், எனக்கே தெரியாது.

ஆராதனை முடிந்து வழக்கம்போல் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். அந்த அரசாணிக்காயை நானும் விடவில்லை, பொருளாளரும் விடவில்லை. "அட, காய் அழுகறதுக்குள்ள முடிங்கப்பா!" என்று ஏலக்காரர் கத்தினார். கடைசியில் பொருளாளரே எடுத்தார். எடுத்ததை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். "ஊட்டுக்குக் கொண்டு போங்க தம்பி. அக்கா காட்டுல வெளஞ்சது."

"ஒரு அரசாணிக்கா குடுத்தா எல்லாம் சரியாப் போச்சுங்களா?" என்றேன்.

"போகாதுங்க," என்றார்.

வாங்கிக்கொண்டேன். மன்னித்தேன் என்று மட்டும் எண்ணிவிடாதே. இப்போது நீ இருந்திருந்தால், "போதும் கண்ணு, எறக்கி வெய்யி" என்றிருப்பாய். காயை இறக்கி வைத்துவிட்டேன். மற்றது இன்னும் கையில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த ஐப்பசியில் நானும் ஒரு கூடை சுமப்பேன். அந்தப் பெண்களுக்கெல்லாம் பின்னால், கடைசி ஆளாக. நன்றியையும் நானே வாய்விட்டுச் சொல்வேன். இத்தனை வருஷம் என் பங்கையும் சேர்த்து நீதானே சொல்லிக்கொண்டிருந்தாய்.

உன் கோபக்காரத் தம்பி,
தேவராஜ்