சீனி இல்லாத தேத்தண்ணி

மே 6, செவ்வாய்

காலையிலிருந்தே மழை. கொழும்பில் காலி வீதி முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். குடையை பஸ்ஸில் மறந்தாயிற்று. கிளினிக்கில் குளிசை தந்தார்கள். தினமும் ஒன்று விழுங்க வேண்டும், விடவே கூடாது. எச்.ஐ.வி. இங்கேயாவது எழுதிப் பார்க்கிறேன். வாயால் யாருக்கும் சொல்லவில்லை.

குளித்துவிட்டு வந்தால் அக்கா கையில் குளிசைப் போத்தல். நல்லகாலம், லேபலை உரித்திருந்தேன்.

"என்னடா இது?"

"சீனி வருத்தம், அக்கா."

நீரிழிவு என்ற பொய்தான் வாயில் வந்தது. மடையன்.

மே 9, வெள்ளி

லிப்ட் பழுது. அக்கா சொல்லி வெள்ளவத்தையில் பாதிப் பேருக்கு என் 'சீனி' தெரியும். கீழ்வீட்டு அன்ரி பாகற்காய் அனுப்பியிருக்கிறார். சீனிக்கு நல்லதென்று இரவு குரக்கன் பிட்டு. தேத்தண்ணி வெறும் கசப்பு. அக்கா மட்டும் என் முன்னாலேயே பனங்கட்டி கடித்துக் கடித்துக் குடிக்கிறாள். கொதி வருகிறது.

என் கோப்பையையும் தட்டையும் தனியாக எடுத்து வைத்தேன்.

"என்ன, பெரிய துரையோ?" என்றாள்.

மே 13, செவ்வாய்

வெயில். கிளினிக்கில் ராஜண்ணனிடம் அனுப்பினார்கள். ஜிந்துப்பிட்டிக்காரர். அவருக்கும் இதுதான், பல வருடமாக. புதிதாக வருகிறவர்களோடு கதைப்பது அவர் வேலை. நல்ல தொப்பை, நல்ல சிரிப்பு. இப்படியும் இருக்கலாமா?

கோப்பை விஷயத்தைச் சொன்னேன்.

"அட, எச்சில்ல எல்லாம் இது ஒட்டாது தம்பி. ஒரே தட்டுல சாப்பிடுங்க. மாத்திரைய மட்டும் விட்றாதீங்க. வீட்ல சொல்லிட்டீங்களா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீற்றில் இருந்தவர் நித்திரை.

மே 18, ஞாயிறு

அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். முழுதாக. கோப்பை ஏன் தனி என்றும், ராஜண்ணன் சொன்னதையும்.

அக்கா குளிசைப் போத்தலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு,

"அப்ப சீனி இல்லையோ?"

"இல்லை."

"பின்னை என்னத்துக்கடா விசரா அவ்வளவு பாகற்காயும் திண்டனீ?"

கத்தினாள். அழுதாள். எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். வீட்டை விட்டுப் போகச் சொல்வாளோ? எங்கே போவது? ஹெந்தளைப் பக்கம் அறை வாடகை மலிவு என்று யாரோ சொன்ன ஞாபகம்.

தேத்தண்ணியோடு வந்தாள். அவளுடைய கோப்பையில். என் கையில் ஒரு பனங்கட்டித் துண்டை வைத்தாள். பாதி கடித்தேன். மிச்சத்தை என் விரலிலிருந்து பறித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"குடியடா, ஆறுது."