ஈசினோபில் ஒட்டாது, அக்கா

என் மகராசி அக்காவுக்கு,

அங்கேயாவது மூச்சு இழுக்காமல் தூங்குகிறாயா? நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஐயம்பேட்டை வீட்டில் மாமா சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். உப்புக்கு மட்டும் எதிர்வீட்டில் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறாராம். உன் மகள் கல்யாணி சென்னையில் என்னோடு இருக்கிறாள், மூன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாமா எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டால் இவள்தான் முழுக்கப் பேசுகிறாள். வாய் அப்படியே உன்னுடையது.

நான் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறேன். என் வேலையைப் பற்றி முதல் தடவை சொன்னபோது பட்டுநூல் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாயே! "எலிக்கு இழுப்பாடி? வேல மெனக்கெட்டு அதுக்கு இழுப்ப வரவெச்சு, அப்புறம் நீங்களே வைத்தியம் பாக்குறீங்களா?"

ஆமாம் அக்கா, அதேதான். முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தை ஊசியில் போட்டு, அதை எதிரியாக நினைக்க எலியின் உடம்பைப் பழக்குவோம். பிறகு அதையே மூச்சில் இழுக்க விடுவோம். ஏதோ பெரிய ஆபத்து வந்துவிட்டதென்று நுரையீரல் சில ரசாயனங்களை வெளிவிடும். அந்த அழைப்பைப் பிடித்துக்கொண்டு ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் திரண்டு வரும். காப்பாற்ற வந்தவைதான், வந்த இடத்தில் ரகளை செய்து மூச்சுக்குழாயை வீங்க வைத்துவிடும்.

"கருட சேவைக்குக் கூட்டம் வராப்பலயா?" என்றாய். என் பேராசிரியர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அழைப்பை மறித்தால் கூட்டம் குறைகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. எலிகளில் குறைகிறது அக்கா.

இவ்வளவு பேசினேனே, கேட்க வேண்டியதைக் கேட்டேனா? நான் ஊருக்கு வந்தால் உன் டம்ளரைத் தனியாக வைப்பாய். பக்கத்தில் படுத்தால் பாயை இழுத்துக்கொண்டு சுவரோரம் போவாய். என் குழந்தையை முதன்முதலில் கொண்டுவந்து நீட்டியபோது நீ கையில் வாங்கவே இல்லை. "அங்கியே இரும்மா, இங்கிருந்தே பாத்துக்கறேன்" என்றாய். படித்துவிட்டு வெளியூர் போனவள்மேல் வருத்தம் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

காரியத்தன்றுதான் மாமா சொன்னார். "ரத்தத்துல ஈசினோபில் ஜாஸ்தியா இருக்குதுன்னு டாக்டர் சொன்னாரில்ல? அத ஏதோ பூச்சின்னு நெனச்சுக்கினா உங்கக்கா. கொழந்தைக்கு ஒட்டிக்கும்னு பயந்துக்கினே இருந்தாம்மா."

அடிப்பாவி, பூச்சியா! நம் ஊரில் எல்லோரும் அதை வியாதியின் பெயராகவே சொல்கிறோம். "எங்கக்காவுக்கு ஈசினோபில்" என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்? உனக்கு நான் கதை சொன்னேனே, ரத்தத்திலிருந்து திரண்டு வரும் வெள்ளை அணுக்கள் என்று, அதுதான் அக்கா ஈசினோபில். உன் உடம்பின் சொந்த அணு. தினமும் நுண்ணோக்கியில் நான் எண்ணுவதே அதைத்தான். உனக்குப் புரியும்படி எளிமையாகச் சொல்வதாக நினைத்து அந்தப் பெயரை விட்டுவிட்டேன். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் என் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருப்பாய்.

போன வாரம் கல்யாணிக்கும் இழுப்பு வந்தது. பயப்படாதே, இன்ஹேலரில் அடங்கிவிட்டது. ஆனால் மூச்சு வாங்கும்போதே அவள் நகர்ந்து நகர்ந்து அறை மூலைக்குப் போனாள். "கிட்ட வராதீங்க சித்தி, பாப்பாவுக்கு ஒட்டிக்கும்." நீ சொல்லிக்கொடுத்ததுதானே? இழுத்து மடியில் உட்காரவைத்து, எலி, அணு, பெயர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அப்போ அம்மா என்னக் கட்டிப் புடிச்சிருக்கலாமா சித்தி?"

"புடிச்சிருக்கலாம்டி கண்ணு" என்றேன்.

அவளுக்கு இனி எப்போது இழுப்பு வந்தாலும், மூச்சு தணியும்வரை அவளைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். சத்தியம் அக்கா.

உன் கூடப்பிறந்தவள்