கழித்தல் கணக்கும் தார்க்குச்சியும்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தது கணக்கு டீச்சர், பேத்தி மது, மருமகள் கல்பனா, மகன் குமரேசன், நான்.

ரெண்டாங்கிளாஸ் மதுவுக்குக் கழித்தல் என்றாலே அழுகை. தறிக்கு நூல் சுற்றும் தார்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகப் பட்டு நூலில் கட்டி ஒரு விளையாட்டு செய்து கொடுத்தேன். கழிக்க உதிரிக் குச்சி பத்தவில்லையென்றால் ஒரு பத்துக் கட்டை அவிழ்க்கலாம். அவிழ்க்கிற ஆசையிலேயே இன்னொரு கணக்கு கொடு என்பாள்.

"சிரிச்சிக்கினே கணக்கு போடுதும்மா. யாரு சொல்லிக் குடுத்தது?" என்றாள் டீச்சர்.

"நான்தான் மிஸ். யூடியூப்ல பாத்தேன்" என்றாள் கல்பனா.

"இல்ல மிஸ், ஆயா..." என்றது மது.

"சும்மா இரு. ஆயாக்கு கணக்கெல்லாம் எங்க தெரியும்?"

மூணாவது வரை படித்த மாமியாரைச் சொல்ல அவளுக்கு வெட்கம். போகட்டும், ஒரு மாசம் பேசாமல் இருந்தால் எனக்கு ஆறிவிடும்.

பக்கத்திலேயே போனைப் பார்த்துக்கினு நின்ற குமரேசனும் சின்ன வயதில் இதே குச்சிகளில், என் மடியில் உட்கார்ந்துதான் கழித்தல் படித்தான். வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "யார் சொன்னா என்னம்மா, விடு" என்கிறான்.

கல்பனாவை மன்னிச்சிடுவேன். மன்னிக்க மாட்டேன் என்றால் அது குமரேசனைத்தான்.