முதுகுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர்கள்

மார்ச் 3, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. மாடிப்படி ஏறித் தூக்கி வந்தவர் அதை இறக்கிவைத்துவிட்டு, "உள்ளே என்ன சார், கல்லா?" என்று கேட்டார். கணினிக்கு ஸ்பீக்கர் என்றேன். அவர் நம்பவில்லை. பல்லாண்டுகளாகக் கணினியின் திரைக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரில் காலம் தள்ளியவன் நான். எனக்கும் நம்பிக்கை வரவில்லை.

நுகர்வோர் பத்திரிகைக்காக இதுவரை நான் பரிசோதித்து எழுதியவை: இஸ்திரிப்பெட்டி, குடை, சுவர்க்கடிகாரம், மெத்தை. (மெத்தையைப் பற்றி எழுதும்போதே தூங்கிவிட்டேன். கட்டுரை பாதியில் நின்றதை வாசகர்கள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள்.) ஐந்து நட்சத்திரத்தில் மூன்றரைக்கு மேல் எதற்கும் கொடுத்ததில்லை. அந்த மூன்றரையும் குடைக்குத்தான்.

உள்ளே ஐந்து சிறிய ஸ்பீக்கர்கள், ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. பெரியதற்கு சப்வூஃபர் என்று பெயராம். மனைவி அதன்மேல் உட்கார்ந்து பார்த்து, "உயரம் சரியா இருக்கு" என்றாள். இதுவரை கிடைத்த ஒரே நடுநிலையான மதிப்பீடு இதுதான்.

மார்ச் 4, புதன்

மகளிடமிருந்து போன். அவள் வேறு ஊரில் ஒரு கணினி விளையாட்டு நிறுவனத்தில் இருக்கிறாள். விளையாட்டுக்குச் சத்தம் சேர்க்கும் வேலை. கதவு திறந்தால் கிறீச், மழை பெய்தால் சோ, ஆள் நடந்தால் தட் தட். படித்தது கணிதம். வேலை என்னவென்று கேட்பவர்களிடம் 'கம்ப்யூட்டர்ல இருக்கா' என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொய் இல்லை.

இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதா, விட்டுவிட்டு வருவதா? காப்பீட்டு அலுவலகத்தில் என் கல்லூரி நண்பன், எல்லோரும் 'பாலிசி' என்று கூப்பிடும் மனிதன், அவளுக்கு ஒரு நாற்காலி பிடித்துவைத்திருக்கிறான். ஓய்வு பெறும்வரை ஆடாத நாற்காலி.

மகள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "நான் பண்ணின விளையாட்டை ஒரு தடவை ஒழுங்காக் கேளுங்கப்பா. கேட்டப்புறமும் விட்டுடுன்னு சொன்னீங்கன்னா விட்டுடறேன். அந்த அங்கிள் ஆபீஸ்லயே வந்து உட்கார்ந்துடறேன்."

போன மாதமே கேட்டுவிட்டேன். பக்கத்து அறையில் யாரோ வேர்க்கடலை உடைப்பதுபோல் இருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டாள். "சத்தமா இருந்துச்சும்மா" என்றேன். சத்தம் போடும் வேலைக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்? ஆனால் போனை வைத்துவிட்டாள். இன்று சொல்கிறாள்: "அந்த ஸ்பீக்கர்ல கேட்டது கணக்குல சேராது."

சரி, புதுசு வந்திருக்கிறது. இதில் கேட்டுவிட்டு அதே பதிலைச் சொன்னால் சேருமல்லவா.

மார்ச் 5, வியாழன்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: ஆள் நடக்கும் இடத்தில் வயர் போகக்கூடாது. இயற்றியவள் மனைவி. மேல்முறையீடு கிடையாது. எனவே ஐந்து ஸ்பீக்கரையும் கணினி மேசையிலேயே வரிசையாக நிறுத்தினேன். பள்ளிக்கூட குரூப் போட்டோபோல் இருந்தது, சப்வூஃபர் தலைமையாசிரியர். ஒரு பாட்டைப் போட்டேன். சத்தமாக இருந்தது.

குறிப்பு எழுதிவைத்தேன்: 'நாலா பக்கமும் கேட்கும் என்கிறார்கள். ஒரே பக்கம்தான் கேட்கிறது. இரண்டரை.'

மார்ச் 6, வெள்ளி

மகளிடம் சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று.

"அஞ்சையும் முன்னாடியே வச்சீங்களா? அதுல ரெண்டு பின்னாடி வைக்கறதுப்பா! முதுகுக்குப் பின்னாடி!"

"முதுகுக்குப் பின்னாடி பேசறவங்களை வீட்டுல சேர்க்கக்கூடாதும்மா."

"அப்பா. போனை அம்மாகிட்ட குடுங்க."

தாயும் மகளும் பேசி முடித்தபோது சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. வயர் சுவரோரமாக ஆணியடித்து, திரைச்சீலைக்குப் பின்னால் போகலாம். பின்பக்கத்து இரண்டில் ஒன்று புத்தக அலமாரியில், இன்னொன்று சமையலறை வாசலில் நிற்கும் ஃபிரிட்ஜ் தலையில். எனக்காகப் பத்தாண்டுகளாக ஆணி அடிக்கவிடாத சுவர் அது.

மார்ச் 7, சனி

இன்று மழை பெய்தது.

வெளியே நல்ல வெயில். ஸ்பீக்கரோடு வந்த சோதனைப் பதிவில்தான் பெய்தது. முதலில் தூரத்தில், இடது பக்கம், தகரக் கூரையில் நாலு சொட்டு. பிறகு தலைக்குமேல். பிறகு பின்னால். நான் எழுந்து சன்னல் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் தெரிந்தது, என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று.

திரும்ப வந்து உட்கார்ந்தேன். மழை என்னைச் சுற்றி நின்றது. நின்றது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நடுவில் நான் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் ஒரு குடை அளவுக்கு வறண்டிருந்தது. பரிசோதகன் குறிப்பெடுக்க வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்திருக்கிறேன். மனைவி வந்து, "கொடியில துணி இருக்குதே" என்று சொல்லிக்கொண்டே மொட்டைமாடிக்கு ஓடினாள். வெயிலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தவள் என்னோடு பேசவில்லை.

இதற்கு என் சொல்வழக்கில் வார்த்தை இல்லை. 'பரவாயில்லை' என்று எழுதினேன். அடித்தேன். 'மோசமில்லை'. அடித்தேன்.

மார்ச் 9, திங்கள்

கீழ்வீட்டில் பல் மருத்துவர். வீட்டோடு மருத்துவமனை. இன்று காலை ஒரு ரயிலை ஓடவிட்டேன், சோதனைக்காகத்தான். பின்சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, என் நெஞ்சு வழியாக முன்சுவருக்குள் போனது. சப்வூஃபர் என்பது காதுக்கானது இல்லை, விலா எலும்புக்கானது என்று அறிந்தேன்.

கதவைத் தட்டினார் மருத்துவர். கையுறையோடு.

"சார், நாற்காலியில பேஷன்ட் இருக்காரு. நான் மெஷினை இன்னும் எடுக்கவே இல்ல, அதுக்குள்ள வெளியே காத்திருந்தவங்கள்ல பாதிப்பேர் எழுந்து போயிட்டாங்க."

மன்னிப்புக் கேட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னது அது?" என்றார். உட்காரவைத்து மழையைப் போட்டுக் காட்டினேன். கையுறைகளை மடிமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். மழை முடிந்ததும், "இன்னொரு தரம்" என்றார்.

பேஷன்ட் மேலே வந்து கூப்பிட வேண்டியதாயிற்று.

மார்ச் 11, புதன்

ஒரு பெரிய அரங்கில் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் பேசாமல் இருக்கும் அந்தச் சில கணங்களைக் கேட்டேன். பாட்டு தொடங்கியதும் நிறுத்திவிட்டு, முதலிலிருந்து மறுபடி அதையே கேட்டேன்.

மார்ச் 12, வியாழன்

விளையாட்டை இன்னும் போடவில்லை. கேட்டுப் பார்த்து ஒன்றும் தோன்றாவிட்டால் விட்டுவிடச் சொல்ல வேண்டும். அவளும் விட்டுவிடுவாள், சொன்ன வார்த்தை மாறாதவள். அந்த நாற்காலியை நான்தான் கேட்டு வாங்கினேன். இப்போது விளையாட்டைப் போடாமல் ஏன் நாளைக் கடத்துகிறேன்?

மார்ச் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

பிற்பகல். மனைவி சமையலறையில். விளையாட்டைப் போட்டேன். ஆளில்லாத ஒரு வீடு, அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு குழந்தை. குழந்தை நான்தான், அதாவது விளையாடுபவர். எனக்கு விளையாடத் தெரியாது. குழந்தையை மூன்று முறை சுவரில் மோதவிட்டேன். ஒருவழியாக ஒரு மர அலமாரிக்குள் நுழைத்துக் கதவைச் சாத்தினேன். திரை இருண்டது. இனி காதுதான்.

என் மகள் செய்த வீடு என்னைச் சுற்றி எழும்பிற்று. வலப்பக்கம் குழாய் சொட்டியது. மேலே எதுவோ உருண்டது. அலமாரியின் பலகை என் தோளுக்குப் பக்கத்தில் கிறீச்சிட்டது. நிஜமாகவே தோளைச் சுருக்கிக்கொண்டேன். போன மாதம் வேர்க்கடலையாகக் கேட்டது இதுதானா? செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். சங்கின்மேல் குற்றமில்லை.

அப்போது பின்னால் யாரோ நடந்தார்கள். ஒரு அடி முழுதாக. அடுத்த அடி செருப்பை இழுத்துக்கொண்டு. நாலைந்து அடிக்கு ஒருமுறை ஒரு நிறுத்தம். பிறகு தரையைத் தேய்த்துத் திரும்புவது. இவ்வளவு அருமையாகப் பேயைச் செய்திருக்கிறாளே என்று பயத்தோடு பெருமையும் வந்தது.

சமையலறையிலிருந்து குரல்: "என்னங்க, எதுக்கு இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடந்து என் உயிரை வாங்கறீங்க? ஒரு இடத்துல உட்கார்ந்துதான் எழுதுங்களேன்!"

"நான் உட்கார்ந்துதான் இருக்கேன்."

கரண்டியோடு வெளியே வந்தாள். நாற்காலியில் என்னைப் பார்த்தாள். நடை நிற்கவில்லை. முழு அடி, இழுத்த அடி. ஃபிரிட்ஜிலிருந்து புத்தக அலமாரிக்கு, அங்கிருந்து ஃபிரிட்ஜுக்கு. இரண்டு பேரும் ஒன்றும் இல்லாத தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது உங்க நடை" என்றாள்.

"நான் இப்படியா நடக்கறேன்?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்கறேன். எனக்குத் தெரியாதா? எழுதறப்ப வார்த்தை வரலைன்னா இப்படித்தான். எழுந்திருங்க, நடங்க."

நடந்தேன். முழு அடி, இழுத்த அடி. நானும் இன்னொரு நானும் கூடத்தில் நடந்தோம். மனைவி கரண்டி பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மகளைக் கூப்பிட்டேன்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"உங்கம்மா கண்டுபிடிச்சா. எப்போ பதிவு பண்ணினே?"

"போன லீவுக்கு வந்தப்ப. நீங்க கடிகாரக் கட்டுரை எழுதிட்டிருந்தீங்க. சாப்பாட்டு மேசைக்கு அடியில மைக்கை வச்சுட்டுக் கடைக்குப் போயிட்டேன். எங்க ஆபீஸ்ல யார் யாரையோ நடக்க வச்சுப் பார்த்தோம். ஒருத்தர் நடையும் சரியா வரல."

"உன் விளையாட்டுல நான்தான் பேயா?"

"பேய் இல்லப்பா. நீங்க முடிவுவரைக்கும் போகல, இல்ல? அந்த வீட்டுல மத்த எல்லாச் சத்தமும் பயப்படறதுக்கு. இது ஒண்ணுதான் பயப்படாம இருக்கறதுக்கு. அலமாரிக்குள்ள இருக்கற குழந்தைக்கு வெளியே வரலாமா, வேண்டாமான்னு தெரியாது. இந்த நடை கேட்டா வரலாம். அதைக் கேட்டு, அது எந்தப் பக்கம்னு பார்த்து, அந்தப் பக்கமாப் போகணும். அவ்வளவுதான் விளையாட்டே."

"அம்மா கூப்பிடறா" என்று சொல்லிப் போனை வைத்தேன். அம்மா கூப்பிடவில்லை.

பேயாக வைத்திருந்தால் கட்டுரைக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நாலு கேலி எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

மார்ச் 16, திங்கள்

குழந்தையை வெளியே கொண்டுவந்துவிட்டேன். பலமுறை தப்பான பக்கம் போய், கடைசியில் காதை மட்டும் நம்பிப் போனேன். கதவு திறந்தது. வெளிச்சம். நடை நின்றது.

மறுபடி போட்டேன்.

மார்ச் 18, புதன்

கட்டுரையை அனுப்பிய ஒரு மணி நேரத்தில் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"நாலரை போட்டிருக்கீங்க! 'வியப்பு'ன்னு ஒரு வார்த்தை அஞ்சு இடத்துல வருது. நம்ம வாசகர்கள் பயந்துடுவாங்க."

"அரை நட்சத்திரம் குறைச்சிருக்கேனே."

"எதுக்கு?"

"வயர் குட்டை சார்."

அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். ஆள் மாறவில்லை என்று அவருக்கு நிம்மதி.

மார்ச் 20, வெள்ளி

பாலிசிக்குப் போன் செய்தேன்.

"நாற்காலியைத் தொடச்சு வச்சிருக்கேன்டா. எப்ப வர்றா?"

"வேற யாரையாவது உட்கார வைடா."

"ஏன்? அங்கேயே பெரிய சம்பளமா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்னே?"

"நான் அதுல நடக்கறேன்."

"என்னது?"

"அவ பண்ணின விளையாட்டுல நான் நடக்கறேன்டா. பின்பக்கமா."

அடுத்த வாரம் வந்து பார்ப்பதாகச் சொன்னான், மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க வருபவனின் குரலில்.

பிறகு மகளைக் கூப்பிட்டு, "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடும்மா" என்றேன். தொண்டையைச் செருமி, ஒரு பெரிய தியாகத்துக்குரிய தொனியில் சொன்னேன்.

"நேத்தே போட்டுட்டேன்ப்பா."

"நான் இன்னும் சொல்லவே இல்லியே?"

"அம்மா சொல்லிட்டாங்க. நீங்க நாலு நாளா அதையே போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களாம். சாப்பிடக் கூப்பிட்டாக்கூட 'இரு, குழந்தை உள்ளே இருக்கு'ன்னு சொல்றீங்களாம்."

மார்ச் 24, செவ்வாய்

பரிசோதனை முடிந்ததென்று ஸ்பீக்கர்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீடு தட்டையாகிவிடும் என்று பயந்தேன். ஆகவில்லை. கீழே மருத்துவரின் மெஷின், இடப்பக்கம் பின்னால் ஃபிரிட்ஜ் முனகல், வலப்பக்கம் மனைவி போனில் யாரையோ திட்டுவது. எல்லாம் அதனதன் இடத்தில். இத்தனை நாளும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்ததா?

ஏப்ரல் 5, ஞாயிறு

மகள் இரண்டு நாள் விடுமுறையில் வந்திருக்கிறாள். விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு நடை வேண்டுமாம். ஈரத் தரையில், மரப்பலகையில், மணலில். மைக்கைத் தாங்கியில் நிறுத்தி, கூடத்தில் என்னை நடக்கச் சொன்னாள்.

நடந்தேன்.

"நடிக்கறீங்க" என்றாள்.

மறுபடி நடந்தேன். "இப்போ ராஜா மாதிரி நடக்கறீங்க." மறுபடி. "அப்பா, ரெண்டு காலையுமே இழுக்கறீங்க." மனைவி வாசற்படியில் நின்று, "எத்தனையோ வருஷமா நடக்கற மனுஷனுக்கு மூணே வாரத்துல நடை மறந்துபோச்சு" என்றாள். உண்மைதான். எந்தக் காலை முதலில் வைப்பது என்றே தெரியவில்லை.

"சரி விடுங்க, அப்புறம் பார்க்கலாம். போய் உங்க வேலையைப் பாருங்க."

அடுத்த இதழுக்குத் தண்ணீர் வடிகட்டி. மேசையில் உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன். இரண்டாவது வரி வரவில்லை. எழுந்தேன். சன்னலுக்குப் போனேன், திரும்பினேன். வடிகட்டியைப் பற்றி மனிதன் என்னதான் எழுத முடியும், அழுக்குத் தண்ணீரைப் பழிக்காமல்? ஃபிரிட்ஜ் வரை போனேன், நின்றேன், திரும்பினேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் இல்லை. தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்தது எப்போது நின்றது? சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் குனிந்து பார்க்கவில்லை. சன்னலுக்குப் போனேன், திரும்பினேன்.