பனியில் இறங்கியவர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மார்கழிப் பனி கடுமை. காலை ஏழு மணிக்கும் விளக்குப் போட்டுத்தான் லாரி ஓட்டுகிறேன். நேற்று கும்பகோணத்திலிருந்து செங்கல்லும் சிமென்ட்டும் ஏற்றி வரும்போது, கார் நின்றுபோய் ஒருவர் கை காட்டினார். நம் குடிசையைப் பிரித்துப் போட்ட மிராசுதார் பஞ்சநதம்தான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஏற்றிக்கொண்டேன்.

“இந்தக் குளிர்ல கான்கிரீட் இறுகுமாப்பா?” என்றார்.

“மெதுவா இறுகுங்க. ஆனா கெட்டியா நிக்கும்.”

“யாருக்கு வீடு?”

“சர்க்கார் எடுத்துக்கிட்ட உங்க நிலத்துல, எங்க ஆளுங்களுக்குங்க. நீங்க பினாமி பேர்ல மறைச்சு வச்ச நிலம்னு மனு எழுதிப் போட்டது நான்தான். கண்ணாத்தாள் மகன்.”

“நிறுத்து” என்றார் அவர். சால்வையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பாதி வழியில் இறங்கினார்.

குடிசை போனபின் வாய்க்கால் கரையில் அம்மா சாகும்வரை கிடந்த பத்து நாளும் இதே பனிதான்.

பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய். அவர் நடப்பதைக் கண்ணாடியில் பார்ப்பதற்காகவே வண்டியை மெதுவாக எடுத்தேன்.

முதல் வீட்டுப் பட்டா உன் பெயரில் வந்திருக்கிறது. இந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிப் போனாய். தை பிறந்ததும் வா. வாசலை அவர் வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

உன் தம்பி