ஆளில்லாத அறைக்குச் சூடு

நவம்பர் 12

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. விறகுக்காரர் வந்து விறகை என் மகன் அறைச் சுவரை ஒட்டி அடுக்கிவிட்டுப் போனார். எனக்கு எடுக்கப் பக்கம்.

நீ கேட்ட நோட்டுகளைப் பற்றி. பாப்பா பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் சொன்னதையெல்லாம் அவன் எழுதி, கடைசியாக இங்கே வந்தபோது கொண்டுவந்த ஐந்து நோட்டும் அவன் அறையில், மரப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. தபாலில் அனுப்பமாட்டேன். வழியில் தொலைந்தால் யாரைப் போய்க் கேட்பது? கோடை விடுமுறைக்கு இங்கே கூட்டி வா. உட்கார்ந்து படிக்கட்டும். பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது, பூட்டுக்கு மேல் என் இரண்டு கண் இருக்கிறது. இதைவிடக் காவல் உன் வாடகை வீட்டில் கிடைக்குமா?

அவன் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அறையில் ஹீட்டரை இரவும் பகலும் ஓடவிட்டிருக்கிறேன். அவனுக்குக் குளிர் ஆகாதே. காற்று வறண்டால் இருமுவான் என்று பக்கத்தில் ஒரு பேசினில் தண்ணீரும் வைக்கிறேன். தினமும் மாற்றுகிறேன்.

இப்படிக்கு,
அத்தை


நவம்பர் 27

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. சலவைக் கடையில் இப்போது இரண்டு ஷிப்ட். இஸ்திரி மேசைக்கு முன்னால் நிற்கிறேன், சட்டைகள் வருகின்றன, போகின்றன. வேறு விசேஷம் இல்லை.

பாப்பாவின் வகுப்பில் எல்லாரும் தாங்கள் முதன்முதலில் பேசிய வார்த்தையைச் சொல்லவேண்டுமாம். என்னைக் கேட்டாள். எனக்கு நினைவில்லை. "அப்பாவுக்குத் தெரியும்"னு டீச்சர்கிட்டச் சொல்லிட்டு உட்கார்ந்துட்டாளாம். நோட்டுகளை அனுப்பிவிடுங்கள் அத்தை. எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு நாள் காத்திருப்பாள்?

இன்னொன்று. எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர், குளிர் காலத்தில்தான் கரையான் வீட்டுக்குள் வரும் என்கிறார். சூடும் ஈரமும் அதற்குப் பிடிக்குமாம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. விறகைச் சுவரைவிட்டுத் தள்ளிப் போடுங்கள். பெட்டிக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் மருமகள்


டிசம்பர் 10

அன்புள்ள மருமகளுக்கு,

நல்ல கதை. மனுஷனே விறைத்துப்போகிற குளிரில் கரையானா? நாற்பது வருஷமாக இந்த வீட்டைக் கட்டி ஆள்கிறேன். எந்தச் சுவர் எப்போது வியர்க்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் நீ சொன்னாயே என்று பார்த்தேன். அவன் அறை ஜன்னல் திரைக்குப் பின்னால் விரல் அகலத்துக்கு ஒரு மண் கோடு ஏறியிருந்தது. கத்தியால் சுரண்டி, சுண்ணாம்பு அடித்துவிட்டேன். இப்போது சுவர் கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது. கதை முடிந்தது. பெட்டியை நகர்த்தவில்லை, கனம்.

நோட்டு இங்கேயே இருக்கட்டும். அதையும் அனுப்பிவிட்டால் நீங்கள் எதற்காக இந்தப் பக்கம் வரப்போகிறீர்கள்?

அத்தை


ஜனவரி 22

மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது.

திங்கட்கிழமை பெட்டியைத் துடைக்கும்போது விரல் உள்ளே போய்விட்டது. மேலே பாலிஷ் அப்படியே இருக்கிறது, உள்ளே மரம் இல்லை. கரையான் மருந்துக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்றபடியே, "இந்த ரூம்ல யாரும்மா இருக்கா?" என்றார்.

"யாரும் இல்ல."

"அப்புறம் யாருக்கு இவ்ளோ சூடு? விருந்தாளிக்கு வைக்கிற மாதிரி தண்ணி வேற வெச்சிருக்கீங்க!"

அவர் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். "குளிர்ல செத்துப்போகும்னு நெனச்சீங்களா? அதுவும் நம்மள மாதிரிதாம்மா. வெளிய குளுருச்சுன்னா சூடு இருக்கற பக்கம் வந்துரும். வெளிய விறகு, உள்ள ஈரம். போதாதா? ஆமா, இங்க சுரண்டுனது யாரு?"

"நான்தான்."

"ஒரு வழிய அடைச்சா அது இன்னொரு வழி போட்டுக்கும்மா."

அந்த இன்னொரு வழி தரையிலிருந்து பெட்டியின் அடிக்கு ஏறியிருக்கிறது. மூன்று நோட்டு மண்ணாகிவிட்டது. இரண்டில் பாதிப் பக்கங்கள் இருக்கின்றன, நடுவே ஓட்டை. விறகை வேலி ஓரம் மாற்றியாகிவிட்டது. ஹீட்டரை நிறுத்திவிட்டேன்.

இருப்பதை இருக்கிறபடியே துணியில் சுற்றி இன்று பார்சல் அனுப்பினேன். நீ கேட்டபோதே அனுப்பியிருந்தால் ஐந்தும் முழுசாக வந்து சேர்ந்திருக்கும். எனக்கு அழுகையும் வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

அத்தை


பிப்ரவரி 8

அத்தைக்கு,

பார்சல் வந்தது. உங்கள்மேல் கோபம் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். வரவில்லை. எதுவுமே வருவதில்லை இப்போது.

பாப்பா ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பார்த்தாள். "மழை ஏன்" என்று ஒரு வரி, அதற்குப் பிறகு ஓட்டை. "மழை ஏன், என்னம்மா கேட்டேன்?" என்றாள். தெரியாது என்றேன். "பாட்டி படிச்சிருப்பாங்கல்ல, பாட்டிக்குத் தெரியும்ல?" என்கிறாள். தெரிந்தால் எழுதுங்கள்.

கோடைக்கு வருவது பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது.

மருமகள்


பிப்ரவரி 20

அன்புள்ள மருமகளுக்கு,

பாப்பாவிடம் சொல். பாட்டி படிக்கவில்லை. அவன் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு அது பிடிபடவில்லை. யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. படிக்கத் தெரியாததைத்தான் பூட்டிக் காத்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் எனக்குப் போன் செய்வான். "அம்மா, இந்த வாரம் உன் பேத்தி என்ன சொன்னா தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பான். எழுதினதைப் படித்துக் காட்டிச் சிரிப்பான். எல்லாம் நினைவில்லை, நிறைய இருக்கிறது. மழைக்குக் கேட்டது இது: "மழை ஏன் நம்ம வீட்டுக்குள்ள வரமாட்டேங்குது, அதுக்கு நம்ம மேல கோவமா?" அப்போது அவளுக்கு மூன்று வயது. முதல் வார்த்தை "இன்னும்". அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. கிண்ணத்தை நீட்டிக்கொண்டு சொன்னாளாம்.

மற்றதெல்லாம் எழுதி மாளாது. இதற்கே எனக்குக் கை வலிக்கிறது. வாயால் சொல்லிவிடுவேன்.

மண் இளகியதும் ஏப்ரல் முதல் வாரம் மருந்துக்காரர் சுவரைச் சுற்றித் துளை போட்டு மருந்து இறக்குகிறார். வீடு மூன்று நாள் காலியாக இருக்கவேண்டும். அந்த மூன்று நாள் உன் வீட்டில் தங்க இடம் கொடுப்பாயா? தரையில் படுத்துக்கொள்வேன்.

மேலே எழுதியது பொய். வீட்டில் இருக்கலாம், ஒன்றும் ஆகாது என்றுதான் அவர் சொன்னார். அடித்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும். நான் வரலாமா?

அத்தை