தலையணை உயரத்திலிருந்து

ஜூன் 9

அன்புள்ள பாப்பா,

நான் பகலெல்லாம் உன் அப்பாவின் கட்டிலில் படுத்துக் கிடக்கிறேன், சாப்பிடுவதில்லை, புத்தி தடுமாறிவிட்டது என்று மாடிவீட்டு டீச்சர் உனக்குப் போனில் சொன்னாளாம். படுத்துக் கிடக்கவில்லை, படுத்தபடி படம் எடுக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். புத்தியைப் பற்றி இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே சொல்.

பக்கவாதம் வந்தபின் உன் அப்பாவுக்கு வாயில் வார்த்தை இல்லை. கண் மட்டும்தான். அது எதைப் பார்த்துக்கொண்டு கிடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பழைய கேமரா ஒன்று வாங்கினேன். யாரும் சொல்லித்தரவில்லை. கூட வந்த சிறு புத்தகத்தைக் கான்வென்டில் பாடம் படித்ததுபோல் அடிக்கோடிட்டுப் படித்தேன். முதல் பிலிம் சுருள் முழுக்க இருட்டு. இரண்டாவதைக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர், "அம்மா, எல்லாத்துலயும் வெறும் சுவருதான் இருக்கு" என்றார்.

"சுவரைத்தான் எடுத்தேன். அது ஏன் கோணலா விழுந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

உன் அப்பா போனபிறகு, ஏன்தான் விடிகிறதோ என்று இருந்தது. இப்போது வெளிச்சம் போய்விடுமே என்று அவசரமாக எழுந்திருக்கிறேன்.

தையல்காரரின் தாயார் இடுப்பு உடைந்து படுத்திருக்கிறார். தன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று படம் எடுத்துவரச் சொன்னார். தண்ணீர்த் தொட்டியும், அதன் நிழலில் தூங்கும் நாயும். பார்த்துவிட்டு, "அடக் கஷ்டமே, இதுக்கா நான் இத்தனை நாளா கழுத்த நீட்டிக்கிட்டு இருந்தேன்" என்று சிரித்தார். படத்தைத் திருப்பித் தரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

*

அம்மாவுக்கு,

டீச்சர் அக்கா சொன்னதை விடு. நீ கேமரா வாங்கியது எனக்குச் சந்தோஷம்தான். நாய்ப் படத்தை நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

ஆனால் அந்தக் கட்டிலை யாருக்காவது கொடுத்துவிட்டு என்னோடு வந்து இரு. அந்த அறைப் படங்கள் எதையும் எனக்கு அனுப்பாதே. "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்றார் அப்பா. மிதிக்கவில்லை. அந்த வார்த்தையை அவர் கடைசிவரை திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. அவர் என்னைத் தேடவில்லை என்பது எனக்குப் பழகிப்போய்விட்டது. அதைக் கிளறாதே அம்மா.

உன் மகள்

*

ஜூலை 2

அன்புள்ள பாப்பா,

உன் கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையைப் பார்த்து நானே மேலே எழுதிக்கொண்டேன்.

இப்போது உன்னோடு வந்து இருக்க முடியாது. கைநிறைய வேலை. படுக்கையில் இருக்கும் இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் வெளியே போய் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டிலையும் கொடுக்கவில்லை. படுத்த புதிதில் அதைத் திருப்பிப் போடச் சொல்லி உன் அப்பா ஒற்றைக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். காற்றுக்காக என்று நினைத்தேன். திருப்பிப் போட்ட பக்கம் காற்றே இல்லை என்று சலித்தும்கொண்டேன்.

போன வாரம் படம் ஒழுங்காக விழுந்தது. தலையணையில் தலை வைத்து, அவர் கண் இருந்த உயரத்தில் கேமராவைப் பிடித்தால், கதவு இடுக்கில் தெரு கேட் தெரிகிறது. வேறு எதுவும் இல்லை. எழுந்து உட்கார்ந்தால் அலமாரி மறைத்துவிடுகிறது. அதனால்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

தபால்காரர் வந்து கேட் கிறீச்சிட்டால் உன் அப்பா கழுத்தைத் தூக்குவார். வலிக்கிறதோ என்று தலையணையைச் சரிசெய்வேன்.

நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு வர வேண்டியவள் நான் இல்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மிதிக்காதே என்றவரும் அவர்தான், அந்தக் கேட்டையே பார்த்துக் கிடந்தவரும் அவர்தான். நீ முதலாவதை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கவில்லை.

அனுப்பாதே என்றாய். உறையில் படம் இல்லை, தேடாதே. உனக்கென்று ஒரு பிரதி போட்டு வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா, வேண்டாமா என்று எழுது. போன் செய்யாதே. எழுது.

அம்மா